புருவம் சுருங்கியவர்கள்

எங்கள் நகரியத்தில் விரலை நம்புவதை விட்டுவிட்டு முகத்தை நம்பத் தொடங்கியதற்கு ஏழுமலை மேஸ்திரியின் ஆடுதான் காரணம்.

அப்போது ஊர்ப்பலகையில் யார் எதைப் போட்டாலும் அதற்கு அடியில் ஐந்து சின்னக் குறிகள் இருக்கும். சிரிப்பு, அழுகை, கோபம், இதயம், கட்டைவிரல். ஊர்ப்பலகை என்பது கைபேசிக்குள் இருக்கும் எங்கள் பொது இடம். தண்ணீர் எப்போது வரும், புயல் எந்தப் பக்கம் போகிறது, எந்தத் தெருவில் என்ன கட்டப்போகிறார்கள், எல்லாம் அதில்தான். எதற்கு அதிகக் குறி விழுகிறதோ அது மேலே ஏறும். நகரியத்தின் முடிவுகளும் அந்தக் குறிகளைப் பார்த்துத்தான் எடுக்கப்பட்டன.

ஏழுமலை தன் கிடாவைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்துப் படம் போட்டார். கூலி வேலைக்கு வந்த எங்கள் முகாமில் இருந்த நூற்றுச் சொச்சம் பேரும் இதயம் போட்டோம். போடாவிட்டால் மறுநாள் கலவைக்களத்தில் நின்று, என் ஆடு உனக்கு என்ன துரோகம் பண்ணிச்சு என்று கேட்பார். நாங்கள் அதைச் செய்முறை மாதிரிதான் நடத்தினோம். நம் வீட்டு விசேஷத்துக்கு வந்தவர் வீட்டுக்கு நாம் போவதில்லையா, அதுபோல இதயத்துக்கு இதயம். டவுனில் இருந்தவர்களும் அவர்களுக்குள் இதையேதான் செய்தார்கள். அந்த ஐப்பசியில் ஆடு உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டது. கடல் ஏறப்போகிறது என்ற அறிவிப்பு ஆட்டுக்குக் கீழே கிடந்தது. யாரும் சாகவில்லை. ஆனால் பதினோரு வீட்டில் தண்ணீர் புகுந்தது.

அதற்குப் பிறகு குறிகளை எடுத்துவிட்டார்கள். விரல் பொய் சொல்லும், முகம் சொல்லாது என்று நகரியத்தில் முடிவாயிற்று. நாம் பலகையைப் பார்க்கும்போது பலகையும் நம்மைப் பார்க்கும். பார்த்த முதல் ஐந்து நொடியில் நம் முகம் என்ன சொல்கிறதோ அதை எல்லோரும் பார்க்கும்படி நம் பெயரோடு தானே எழுதிக்கொள்ளும். இளக்கம், எரிச்சல், சலனமில்லை. இந்த மூன்றுதான். இளக்கம் என்றால் ஆதரவு, எரிச்சல் என்றால் எதிர்ப்பு. எழுதியதை யாராலும் மாற்ற முடியாது. முகத்துக்குச் சொந்தக்காரராலும் முடியாது. ஏழுமலையின் அடுத்த ஆட்டுக்கு எங்கள் முகாமிலிருந்து எண்பது சலனமில்லை விழுந்தது. இரண்டு நாள் அவர் யாரோடும் பேசவில்லை.

நாங்கள் கடற்சுவர் கட்ட வந்தவர்கள். பதினோரு கிலோமீட்டர் சுவர். பெரிய வார்ப்பையெல்லாம் மெஷின் பார்த்துக்கொள்ளும். மெஷினின் கை போகாத இடுக்குகளுக்கு எங்கள் தலைதான். நானும் வேம்புவும் ஜோடி. அவள் கலவையை வாரிச் சட்டியில் போட்டு, தூக்கி என் தலையில் வைப்பாள். வைக்கும்போது இருவரும் கண்ணைப் பார்த்துக்கொள்வோம். "ம்" என்பாள். நானும் "ம்" என்ற பிறகுதான் கையை எடுப்பாள். அந்த "ம்" இல்லாமல் கையை எடுத்தால் கழுத்து போய்விடும். ஆறு வருஷமாக என் கழுத்து அவள் கையில் இருந்தது.

வந்த இரண்டாம் வருஷம் வேம்புவின் மகள் காய்ச்சலில் போய்விட்டாள். இரண்டரை வயது. நான் இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்த குழந்தை. சுவர் வரப்போகும் கோட்டுக்கு அந்தப் பக்கம், சவுக்கு மரங்களுக்கு நடுவே இருந்த மணலில் புதைத்தோம். முகாமின் இடுகாடு அதுதான். அப்போது சுவர் இவ்வளவு தூரம் வரவில்லை. வேம்பு ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்கார்ந்துவிட்டு வருவாள்.

சிமெண்டு குடோனில் மாலை வகுப்பு ஆரம்பித்தபோது முதலில் பேர் கொடுத்தவள் அவள்தான். மகள் பெயரை எழுத வேண்டும், அவ்வளவுதான் என்றாள். மகள் பெயர் பூங்காவனம். அந்த 'ங்' அவளை ஒரு மாதம் படாத பாடு படுத்தியது. அவள் போகிறாள் என்று நானும் போனேன். எனக்கு நாற்பத்தெட்டு வயது. சட்டி பிடித்த கையில் பென்சில் நிற்காது. இரண்டு வருஷத்தில் அறுபது பேர் எழுதப் படிக்கத் தேறினோம். அதுவரை பலகையில் நாங்கள் 'கேட்பவர்' பட்டியலில் இருந்தோம். எழுத்தாக எது வந்தாலும் பலகையே வாசித்துக் காட்டி, கேட்டு முடித்த பிறகுதான் முகத்தைப் பார்க்கும். தேறியதும் எங்களைப் 'படிப்பவர்' பட்டியலுக்கு மாற்றினார்கள். அன்று குடோனில் எல்லோருக்கும் கேசரி. அன்றே எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடும் வைத்துக்கொண்டோம். இனி யாரும் யாருக்கும் படித்துக் காட்டக் கூடாது. ஒருவர் எழுதியதை மற்றவர் தானே, கடைசி எழுத்துவரை படிக்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி.

அந்தக் கட்டுப்பாடுதான் எங்களைக் கவிழ்த்தது.

சுவர் இடுகாட்டுக்கு எதிரே வந்தபோது வேம்பு பலகைக்கு ஒரு கடிதம் எழுதினாள். எங்களில் பலகைக்கு எழுத்தாக எழுதிய முதல் ஆள் அவள்தான். குரலில் பேசிப் போடலாமே என்று பலகை கேட்டதாம். வேண்டாம் என்றுவிட்டாள். நான்கு மாலை உட்கார்ந்து எழுதினாள். கடிதம் இதுதான்:

"சுவருக்கு அந்தப் பக்கம் என் மகள் பூங்காவனம் இருக்கிறாள். இந்தச் சுவரை நானும்தான் கட்டுகிறேன். கட்டி முடித்தால் அவளிடம் போக வழி இல்லை. சுற்றிப் போனால் முகத்துவாரம் வரைக்கும் எட்டுக் கிலோமீட்டர். ஒரு கதவு வையுங்கள். சின்னக் கதவு போதும். குனிந்து போய்க்கொள்கிறேன்."

புயல் நேரத்தில் இறுக மூடிக்கொள்ளும் இரும்புக் கதவு வைக்கலாம், சுவருக்குப் பாதகமில்லை என்று இஞ்சினியரும் எழுதியிருந்தார். மக்கள் சரி என்றால் சரி என்று நகரியம் விட்டுவிட்டது. அந்த இடத்தில் கான்கிரீட் போட இருபது நாள் இருந்தது. அதுவரை கணக்கு திறந்திருக்கும்.

டவுனில் பெரும்பாலும் சலனமில்லை. சிலருக்கு இளக்கம், சிலருக்குக் கதவு வழியே தண்ணீர் வந்துவிடுமோ என்று எரிச்சல். நாங்கள் அதற்குக் கவலைப்படவில்லை. முகாமில் நூற்றுச் சொச்சம் பேர் இருக்கிறோமே. படிக்கத் தெரியாதவர்கள் கேட்டார்கள்; தேறிய அறுபது பேரும் படித்தோம். சோற்று நேரத்தில் சுவரின் நிழலில் வரிசையாக உட்கார்ந்து, உதடு அசைய, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தோம். தெய்வானை படித்து முடித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

எட்டாம் நாள் வேம்பு சட்டியைத் தூக்கி என் தலையில் வைத்தாள். கண்ணைப் பார்க்கவில்லை. "ம்" சொல்லவில்லை. கையை எடுத்துவிட்டாள். நான் தடுமாறிச் சமாளித்தேன். ஏதோ நினைப்பில் இருக்கிறாள் என்று விட்டுவிட்டேன். அடுத்த நடையும் அப்படியே. மூன்றாவது நடையில் சட்டியை நானே இறக்கி வைத்துவிட்டு என்னவென்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. நீ பெரியவ. ஒனக்கு ஒரு ஞாயம் இருக்கும்."

"என்ன ஞாயம்?"

"பலகையில பேரு போட்டிருக்கு. எரிச்சல்னு. ஒம்பேரப் பாத்ததும் மூடிட்டேன். ஊருல எவ வேணா பட்டுக்கட்டும். நீ எப்பிடிக்கா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இல்லை என்று சொன்னேன். முகம் பொய் சொல்லாதாம் என்றாள். அவள் அதை நம்பினாள். ஊரே நம்பிய ஒன்றை அவள் மட்டும் எப்படி நம்பாமல் இருப்பாள். நானே அன்று முழுக்க என் முகத்தைச் சந்தேகப்பட்டேன். கழுத்து வலியில் ஏதாவது கோணிக்கொண்டேனோ என்று. அதோடு இன்னொன்றும் இருந்தது. வேம்புவின் மகள் போன நாளிலிருந்து, அவளுக்கு ஓர் அழுகை இருக்கிறது, எனக்கு அழவும் பாத்தியதை இல்லை என்று ஒரு சின்னக் குமைச்சல் என் மனசில் உண்டு. அதை இந்த மெஷின் கண்டுபிடித்துவிட்டதோ என்று பயந்தேன்.

மூன்று நாள் பேச்சில்லாமல் வேலை நடந்தது. நான்காம் நாள் சோற்று வேளையில் அந்தப் பட்டியலைத் திறந்து முதல் பெயரிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். வேறு யார் யாருக்கு எரிச்சல் என்று பார்க்கலாமே. ஏழுமலை இருந்தார். தெய்வானை இருந்தாள், அழுத தெய்வானை. பக்கத்துக் கொட்டகை அஞ்சலாட்சி, கம்பி கட்டும் பரசுராமன், எங்கள் வகுப்பில் இருந்த ஒவ்வொருவராக வந்துகொண்டே இருந்தார்கள். இருபத்து மூன்றாவது பெயரை இரண்டு தரம் படித்தேன். பிறகு எழுந்து போய் வேம்புவின் மடியில் கைபேசியை வைத்து, விரலால் காட்டினேன்.

அவள் எழுத்துக் கூட்டினாள். வே. ம். பு. தகப்பன் பெயரையும் படித்தாள். கொட்டகை எண்ணையும் பார்த்தாள். அவளேதான்.

"ஒன் கடுதாசி மேல ஒனக்கே எரிச்சலாம்டி," என்றேன்.

மறுபடியும் முதல் எழுத்திலிருந்து கூட்டினாள். "பலகையில வந்ததும் எடுத்துப் படிச்சேன். தப்பு கிப்பு இருக்கான்னு," என்றாள். பிறகு கையிலிருந்த சோற்றை உதறிவிட்டு என் கழுத்தின் பின்னால் கையை வைத்தாள். மூன்று நாளாக "ம்" இல்லாமல் சுமந்த இடம்.

வியாழக்கிழமைகளில் மெர்லின் என்று ஒரு பெண் ஸ்கூட்டரில் முகாமுக்கு வரும். பலகையைக் கவனித்துக்கொள்ளும் அலுவலகத்தில் வேலை. இருபத்தைந்து வயது இருக்கும். கைபேசிகளைச் சரிபார்த்துவிட்டு எங்களோடு டீ குடித்துவிட்டுப் போகும். நாங்கள் மூன்று பேர், ஏழுமலையும் சேர்த்து, அதனிடம் போய் விஷயத்தைச் சொன்னோம். மெர்லின் என்னைப் படிக்கச் சொன்னது. டீ டம்ளரை மூடியிருந்த செய்தித்தாளை எடுத்து நான் படித்தேன். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் முகம் மாறியது.

"அக்கா, நீங்க படிக்கிறப்போ புருவம் ரெண்டும் ஒட்டிக்குது. தாடை இறுகுது. மூச்சைப் பிடிச்சுக்கிறீங்க."

"எழுத்து புடிபடணுமில்ல," என்றேன்.

"அதைத்தான் பலகை எரிச்சல்னு எழுதியிருக்கு."

பலகை பொய் சொல்லுதா என்று வேம்பு கேட்டாள். இல்லை என்றது மெர்லின். அதற்குத் தெரிந்ததை அது சொல்கிறது. லட்சக்கணக்கான முகங்களைக் காட்டித்தான் அதற்குப் பழக்கினார்களாம். அந்த முகங்களெல்லாம் ஒரே பார்வையில் படித்துவிடும் முகங்கள். ஐந்து நொடியில் அவர்களுக்கு எல்லாம் விளங்கி, மனசு முகத்துக்கு வந்துவிடும். எங்களுக்கு ஐந்து நொடியில் 'சுவருக்கு' என்ற முதல் சொல்லே முடிந்திருக்காது.

"அந்த லட்சத்துல எங்கள மாதிரி ஒரு மூஞ்சி கூடவா இல்ல?" என்றார் ஏழுமலை.

மெர்லின் டம்ளரைக் கீழே வைத்தது. "இருந்திருந்தா கண்டுபிடிச்சிருக்கும்."

சரி செய்ய முடியும், ஆனால் புதிதாகப் பழக்க ஒரு வருஷமாவது ஆகும் என்றது. கான்கிரீட் போட எட்டு நாள்தான் இருந்தது. கையால் திருத்தலாமே என்றால், அதற்குத்தான் சட்டமே விடாது. ஆட்டு விவகாரத்துக்குப் பிறகு வந்த சட்டம். தயங்கித் தயங்கி ஒரு வழி சொன்னது. நாங்கள் மறுபடியும் கேட்பவர் பட்டியலுக்குப் போகலாம். போனால் பழைய குறி அழியும். பலகை கடிதத்தை வாசித்துக் காட்டி, முடித்த பிறகு முகத்தைப் பார்க்கும். அதற்கு ஒரு உறுதிமொழி உண்டு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று கைநாட்டு வைக்க வேண்டும். வைத்தால் மூன்று வருஷத்துக்கு மாற்ற முடியாது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் கைநாட்டுதான்.

குடோனில் எல்லோரையும் கூட்டி மெர்லின் சொன்னதை அப்படியே சொன்னோம். தெய்வானை மட்டும் எழுந்தாள். கைநாட்டு என்று தன் மருமகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது, இன்னொரு தரம் தன்னால் முடியாது, வேம்பு மன்னிக்க வேண்டும் என்றாள். வேம்பு போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீ வைக்க வேண்டாம் என்றாள். பிறகு மெர்லினிடம் கைபேசியை வாங்கி, முதல் ஆளாக அந்த உறுதிமொழியைத் திறந்தாள். திறந்ததும் விரலை வைக்கவில்லை. எங்கள் கட்டுப்பாடு. கடைசி எழுத்துவரை படித்தாள். எ-ன-க்-கு என்று தொடங்கி, தெ-ரி-யா-து வரைக்கும். அதற்குப் பிறகுதான் கட்டைவிரலை வைத்தாள்.

"படிக்கத் தெரியாதுன்னு எழுதியிருக்கறதப் படிச்சிட்டு கைநாட்டு வெக்கற ஒரே கூட்டம் நாமதாம்பா," என்றார் ஏழுமலை. இரண்டு பேர் சிரித்தார்கள். அவரும் வைத்தார்.

நான் அன்று வைக்கவில்லை.

காரணத்தை மறைக்கப் போவதில்லை. கலவை நிலையத்தில் சீட்டுப் பார்க்கும் வேலை ஒன்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். லாரியோடு வரும் சீட்டைப் படித்து, ஜல்லி எவ்வளவு, சிமெண்டு எவ்வளவு என்று சரிபார்க்கும் வேலை. தகரக் கூரை, நாற்காலி. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து. படிப்பவர் பட்டியலில் இருப்பவருக்குத்தான் அது. என் கழுத்தில் இரண்டு எலும்பு தேய்ந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. நான் ஒருத்தி இல்லாமல் கதவு வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். ஐம்பது பேர் இருக்கிறார்களே.

ஆனால் ஆறு பேர் ஊருக்குப் போயிருந்தார்கள். தெய்வானை மாதிரி இன்னும் ஏழெட்டுப் பேர் வைக்கவில்லை. முகாம் ஒட்டுமொத்தமாகப் புரளுவதைப் பார்த்து டவுனில் பலர் கடிதத்தை எடுத்துப் பார்த்தார்கள். அதில் சிலருக்கு இளக்கம், நிறையப் பேருக்கு எரிச்சல். ஏழுமலை குடோன் சுவரில் கரியால் எழுதிக்கொண்டே வந்தார். கடைசி நாள் காலையில் இரண்டும் சமமாக நின்றன. சமம் என்றால் கதவு இல்லை. மறுநாள் விடிந்ததும் கான்கிரீட்.

வேலைக்குப் போனோம். வேம்பு என்னிடம் கேட்கவே இல்லை. சட்டியை வாரித் தூக்கினாள், கண்ணைப் பார்த்தாள். "ம்" என்பதற்குப் பதிலாக, "அக்கா, நீ சீட்டு வேலைக்குப் போயிடு. ஒங்கழுத்து இனிமே தாங்காது," என்றாள். கையை எடுக்கவில்லை. நான் "ம்" சொல்வதற்காகக் காத்திருந்தாள். பாரத்தின் பாதி அவள் கையிலேயே இருந்தது.

நான் "ம்" என்றேன். அந்த நடையைக் கொட்டிவிட்டு, சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வியாழக்கிழமை என்பதால் மெர்லின் வந்திருந்த கொட்டகைக்குப் போனேன்.

உறுதிமொழியைப் படித்தேன். அந்தப் பெண் தலையைத் திருப்பிக்கொண்டது. விரலை வைத்ததும் பலகை ஒரு பெண் குரலில் கடிதத்தை வாசித்தது. ஏற்ற இறக்கம் இல்லாத குரல். எனக்கு எழுத்தாகத் தெரிந்த கடிதம்தான். படித்தபோது ஒவ்வொரு எழுத்தையும் பிடித்து இழுத்துச் சேர்ப்பதிலேயே என் மனசு இருந்திருக்கிறது. கேட்டபோதுதான் குழந்தை வந்தாள். என் இடுப்பில் அவள் உட்காரும் கனம் வந்தது. குனிந்து போய்க்கொள்கிறேன் என்று குரல் முடித்தபோது பலகை என்னைப் பார்த்தது. அது என்ன எழுதியது என்று நான் பார்க்கவில்லை. மெர்லின்தான் பார்த்துவிட்டு, வேம்புவைக் கூப்பிடச் சொன்னது.

கதவு நாலடி உயரம். கனத்த இரும்பு. இரண்டு மாதம் கழித்து அதைத் திறந்தார்கள். சீட்டு வேலைக்கு வேறு ஒருவர் வந்துவிட்டார், நல்ல மனிதர்தான். நான் சட்டிதான் தூக்குகிறேன். இப்போது முக்கால் சட்டிக்கு மேல் வேம்பு போடுவதில்லை. கேட்டால் கலவை தீர்ந்துவிட்டது என்கிறாள். அவள் பின்னால் அம்பாரமாகக் கிடக்கும். பலகையைக் கேட்டால் எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றுதான் இன்னும் சொல்லும். இதை நான்கு மாதமாக நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

திறந்த ஞாயிற்றுக்கிழமை வேம்பு என்னைக் கூட்டிப்போனாள். கைபேசியை வேலியில் மாட்டிய சோற்றுப் பையிலேயே விட்டுவிட்டுப் போனோம். அவள் முதலில் குனிந்தாள். என்னால் கழுத்தை வளைக்க முடியாது என்பதால் முட்டிபோட்டுத் தவழ்ந்து போனேன். அந்தப் பக்கம் காற்று அதிகம்.

மணல் மேட்டின் தலைமாட்டில் வேம்பு அன்று விடிகாலையிலேயே வந்து ஒரு சிமெண்டுப் பலகை ஊன்றியிருந்தாள். சட்டியில் மிஞ்சிய கலவையில் வார்த்தது. ஈரமாக இருந்தபோதே ஆணியால் எழுதியிருந்தாள். மேலே பூங்காவனம் என்று இருந்தது. அதைப் படிக்க எனக்கு நேரம் ஆகவில்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. அது எனக்குத் தெரியாத வரி. உட்கார்ந்து, விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் போனேன்.

அ-ம்-மா-வு-ம். பெ-ரி-ய-ம்-மா-வு-ம்.

என் புருவம் இரண்டும் ஒட்டியிருக்கும். தாடை இறுகியிருக்கும். மூச்சைப் பிடித்திருப்பேன். வேம்பு பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவாப் படிக்கா," என்றாள். "ஒண்ணும் அவசரமில்ல."

கு-னி-ந்-து. வ-ந்-தோ-ம்.